சோமு அண்ணனும் ஒரு கீச்சுச் சத்தமும்

போன மாதம் ஒரு காலையில் டெல்லி துவாரகாவிலிருந்து மீனா கூப்பிட்டாள். "எஸ்தர் அத்தை, அப்பா போயிட்டார்" என்றாள். நான் "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. வைத்த கையோடு அவளுடைய தாய்மாமன் முருகேசனின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். மீனா பொய் சொல்வாள் என்று நினைத்து அல்ல. எந்தச் செய்தியையும் இரண்டாவது ஆளிடம் கேட்காமல் நம்பக் கூடாது என்று என்னைப் பழக்கியவரே மீனாவின் அப்பாதான். "ஆமா எஸ்தரு, நெசந்தான். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றார் முருகேசன். அதற்குப் பிறகுதான் என் மயூர் விஹார் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

சோமசுந்தரம் உங்களில் பலருக்குச் சோமு சார். எனக்குச் சோமு அண்ணன். அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். 'யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டவர்' என்று எழுதினால் அவரை அறிந்த நீங்களே சிரிப்பீர்கள். அவர் கேட்ட கேள்வியால் மனம் நொந்து போனவர்கள் இந்த ஊர்த் தமிழர்களில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா? ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இட்டுக்கட்டி ஏதாவது எழுதினால் அவரே எழுந்து வந்து, "இதை எங்க பாத்தீங்க எஸ்தரம்மா?" என்று கேட்டாலும் கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் பாளையங்கோட்டையிலிருந்து சுருக்கெழுத்து வேலைக்காக டெல்லி வந்தபோது அவர் எங்கள் தணிக்கை அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மதுரைக்காரர். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் மாடி வீடு அவருடையது. கீழ் வீட்டில் ஒரு அறையில் நான் இருந்தேன். பார்க்கிற வேலையும் சந்தேகம், பிறவிக் குணமும் சந்தேகம். கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரைப் படிப்பதற்கு முன்னால் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று காலண்டரைப் பார்ப்பார். கரோல் பாகில் காப்பிக்கொட்டை அரைக்கக் கொடுத்தால், தாம் கொடுத்த கொட்டைதான் பொடியாகி வருகிறதா என்று இயந்திரத்தின் வாயருகிலேயே நிற்பார். கடைக்காரர் இவரைக் கண்டதும் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிடுவார்.

சத்தம் போடும் மனிதர் இல்லை அவர். ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு பதில் சொல்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் குற்றமே செய்யாதவனுக்கும் நாக்கு குழறும். ஒருமுறை எரிச்சலில் கேட்டே விட்டேன். "எல்லாரையும் இப்படிச் சந்தேகப்படுதீங்களே அண்ணே, உங்களுக்குச் சோறு இறங்குமா?" அவர் கோபப்படவில்லை. "சந்தேகப்படறது மரியாதைக் குறைவு இல்ல எஸ்தரம்மா. ஒரு ஆளை அவ்வளவு கவனிக்கிறோம்னு அர்த்தம்" என்றார். அன்று எனக்கு இது சுத்தப் புரட்டாகத் தோன்றியது.

அவருடைய மனைவி பார்வதி. நான் மதினி என்று கூப்பிடுவேன். பார்வதி மதினியின் அண்ணன் முருகேசன் ஃபரீதாபாத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். தொழிற்சாலையில் அவருக்கு ஜீப் கொடுத்ததும், தாம் வைத்திருந்த பழைய காரைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். காரின் பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் டெல்லியில் ஓடியவை இரண்டு மூன்று வகைதான், நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சோமு அண்ணன் ஓட்ட, மதினியும் குழந்தை மீனாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டு முதல் சவாரி கிளம்பினோம். குடியிருப்பு வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். மீனா கையைத் தட்டி, "அப்பா, சிடியா!" என்றாள். டெல்லியில் பிறந்த குழந்தைக்குக் குருவி சிடியாதான்.

சோமு அண்ணன் வண்டியை நிறுத்தினார். பின்னோக்கி எடுத்து மறுபடி வேகத்தடையில் ஏற்றினார். கீச். மறுபடி. கீச். பின்னால் நின்ற ஸ்கூட்டர்க்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் அசையவில்லை. "இது இன்னைக்கு வந்த சத்தம் இல்ல. மறைச்சு வச்சிருந்த சத்தம்" என்றார். மதினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சவாரி அந்த வேகத்தடையோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருகேசன் தங்கை வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் மீனாவுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். ஆர்.கே.புரத்தில் மலைமேல் இருக்கிற முருகன் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. அதைப் பேசத்தான் வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். சோமு அண்ணன் காப்பி டம்ளரை மைத்துனர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தம் ஒரு கேள்வியைக் கேட்டார்.

"மச்சான், வண்டி எங்கயாவது மோதுச்சா?"

முருகேசன் பதில் சொல்வதற்கு முன்னால் காப்பியை ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாய் காப்பிதான் வினையாக முடிந்தது.

"மோதலையே மாப்ள."

"எங்கயும்?"

"எங்கயும்."

"முன்பக்கம் இடது மட்கார்டுல பெயின்ட் புதுசா இருக்கே."

முருகேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் தங்கச்சியும் புள்ளையும் ஏறி உக்கார்ற வண்டி. அடிபட்ட வண்டியைக் கொண்டாந்து அவ தலையில கட்டுவேனாய்யா நானு?" என்று எழுந்தார். டம்ளரில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது. மதினி படிக்கட்டு வரை பின்னாலேயே ஓடினாள். அவர் நிற்கவில்லை.

அன்றைக்கு நின்றது காதுகுத்து. "எங்க அண்ணன் மடியில உக்காராம என் புள்ளைக்குக் காது குத்தக் கூடாது" என்று மதினி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியட்டும். அவர் மேல தப்பு இல்லன்னா நானே போய்க் கூப்பிடறேன்" என்றார் சோமு அண்ணன். காரில் கேட்கும் கீச்சுச் சத்தத்துக்கும் பெண் குழந்தையின் காதுக்கும் முடிச்சுப் போட்ட வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மீனா அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் காதுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காரின் மேல் கல்லைத் தூக்கிப் போடலாம் போல இருக்கும்.

ஆனால் அவர் தேடியது உண்மையான தேடல், அதையும் சொல்ல வேண்டும். எங்களோடு காரில் அலுவலகம் வந்தவர் கிச்சா சார். கும்பகோணத்துக்காரர், நல்ல கனமான சரீரம். ஒரு வாரம் அவரை வலது பக்கமும் என்னை இடது பக்கமும் உட்கார வைத்தார். மறு வாரம் மாற்றினார். கிச்சா சார் இடது பக்கம் உட்கார்ந்தால் சத்தம் அதிகம் என்று தெரிந்தது. "ஓய், சத்தம் வண்டியிலேர்ந்து வரதா, என் எலும்பிலேர்ந்து வரதான்னு சந்தேகப்படறீரா?" என்று கிச்சா சார் கேட்டார். "ரெண்டையும் இன்னும் தள்ளலை" என்று பதில் வந்தது. சிரிக்காமல்தான் சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிறு காலையில் என்னையும் மதினியையும் காரின் பின்பக்க பம்பரைப் பிடித்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். தாம் பாயை விரித்துக் கீழே படுத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் ஊற்றிக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அந்த இடந்தான் சத்தத்தின் வீடு என்பது அவர் கணக்கு. இடது பின்சக்கரத்துக்கு மேலே, நம் ஊரில் கமான் பட்டை என்றும் டெல்லி மெக்கானிக்குகள் கமானி என்றும் சொல்கிற அந்த இரும்புப் பட்டைகளின் நுனியில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதில் தண்ணீர் பட்டதும் கீச் நின்றது. காய்ந்ததும் திரும்பி வந்தது. மதினி அன்று முழுப் பலத்தோடு அமுக்கினாள். அவள் அமுக்கிய வேகத்தில் கோபமும் இருந்தது என்பது என் அனுமானம்.

மோதி பாகில் கடை வைத்திருந்த சர்தார்ஜி ஒருவரிடம் புஷ்ஷை மாற்றினார். மாற்றி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். "பாவுஜி, கமானி டீக் ஹை, இனி சத்தம் வராது" என்று சர்தார்ஜி இந்தியில் அடித்துச் சொன்னார். சில வாரம் வரவில்லை. பிறகு வந்தது. வந்ததும் ஒரு புதுக் கூத்து ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி சத்தமில்லாமல் ஓடும். திங்களும் அப்படியே. செவ்வாயோ புதனோ ஆகும்போது கீச் கீச் என்று கத்தத் தொடங்கி, வெள்ளிக்கிழமைக்குள் ஊரைக் கூட்டிவிடும்.

ஞாயிறு மட்டும் அடங்குவதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் அவர். மதினி நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். புது புஷ் போட்ட வாரத்திலிருந்தே, தலையிலும் உடம்பிலும் தேய்த்துக்கொண்டது போக மிச்சத்தை ஒரு மூக்கு நீண்ட டப்பாவில் ஊற்றிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு காருக்கு அடியில் போய்விடுவார். தமக்கு எண்ணெய் ஊறுகிற நேரத்தில் காருக்கும் ஊறட்டும் என்பது யோசனை. உடம்பெல்லாம் பளபளக்க ஒரு மதராஸி காருக்கடியிலிருந்து வெளியே வருவதைப் பார்க்கப் பஞ்சாபிக் குடும்பங்கள் பால்கனியில் கூடிவிடும். கீச்சென்றால் எண்ணெய் விட வேண்டும் என்பது நம் வீடுகளில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமா? ஊஞ்சலுக்கு விடுகிறோம், கதவுக்கு விடுகிறோம், காருக்கும் விட்டார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. "சனிக்கிழமை நான் சரி பண்றேன். நடு வாரத்துல எவனோ வந்து கெடுக்கிறான்" என்றார். மறுபடி தம்மிடம் வரவழைக்கச் சர்தார்ஜி ஆள் வைத்திருக்கலாம் என்றார். அலுவலகத்தில் வண்டி நிறுத்துகிற இடத்துக் காவலாளியின் முகம் சரியில்லை என்றார். தாம் நிறுத்துகிற வேப்பமர நிழலில் முன்பு ஸ்கூட்டர் நிறுத்திவந்த பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒரு கண் வைத்தார். ஒருநாள் காரில் போய்க்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எஸ்தரம்மா, ஆபீஸ் போன்ல முருகேசன் உங்ககிட்டப் பேசறாரா?" என்று கேட்டார். "நிறுத்துங்க வண்டிய" என்றேன். சஃப்தர்ஜங் பக்கம் நடுவழியில் இறங்கி, அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் போனேன். மதினி வந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மறுபடி அந்தக் காரில் ஏறினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் மதினியிடம் கோலப்பொடி டப்பாவை வாங்கிக்கொண்டு கீழே வந்தார். காரைச் சுற்றி முழக்கணக்கில் பொடியைத் தூவினார். வருகிறவன் எவனாக இருந்தாலும் காலடி விழுந்துவிடும் என்றார். சரியாகத் தூவியிருக்கிறோமா என்று பார்க்கத் தாமே ஒரு சுற்றும் நடந்தார். காலையில் நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். இரண்டே விதமான தடங்கள் இருந்தன.

"ஒண்ணு பூனை. இன்னொண்ணு என் செருப்பு. என் தடத்தைக் கழிச்சுட்டா மிச்சம் பூனைதான்" என்றார்.

"அப்ப அந்தப் பூனையைப் பிடிச்சு உக்கார வச்சு விசாரிங்க" என்றாள் மதினி பால்கனியிலிருந்து.

அந்தத் தைப்பொங்கல்தான் மிகவும் கஷ்டமாகப் போயிற்று. வருஷா வருஷம் பொங்கல் சீரோடு வந்து தங்கை கையால் சாப்பிட்டுப் போகிற முருகேசன், அந்த வருஷம் கரும்புக் கட்டையும் மஞ்சள்கொத்தையும் என் அறை வாசலில் இறக்கி வைத்தார். "மாடிக்கு நான் வரலம்மா. தங்கச்சிகிட்டச் சேத்துரு" என்று சொல்லிவிட்டு மேலே ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது சோமு அண்ணன் கரும்பின் வெட்டிய நுனியைத் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. மதினி அதைப் பார்த்துவிட்டாள். "எங்க அண்ணன் கொண்டாந்த கரும்புலயும் என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள். அன்று மத்தியானம் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு பேரும் நல்லவங்கதான் எஸ்தர். அதுதான் எனக்குத் தாங்கலை" என்றாள். சாயங்காலம் மாடிக்குப் போய், "கண்டுபிடிச்சுத் தொலையுங்க அண்ணே. இல்லன்னா அந்த வண்டிய யமுனையில தள்ளிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சர்தார்ஜியிடம் மறுபடி போனார். புது புஷ் போட்டதும், கழற்றிய பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் தடவை கழற்றியதையும் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டு, எனக்கும் கிச்சா சாருக்கும் காட்டுவதற்காக அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது மேஜைமேல் நாலைந்து டப்பாக்கள் கிடந்தன. கிச்சா சார் அவற்றில் ஒன்றைத் திறந்தார்.

"ஆஹா! நல்லெண்ணெய் வாசனை தூக்கறதே, மொளகாப்பொடியா ஓய்?" என்று கையை விட்டார். கையோடு வந்தது கறுப்பு ரப்பர். ஊறிப்போன உளுந்துவடை மாதிரி உப்பி, தொட்டால் விரலில் ஒட்டியது. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோமு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கையில் எடுத்த சாதத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"எஸ்தரம்மா, அன்னைக்குக் கோலப்பொடியில என் தடத்தை ஏன் கழிச்சேன்?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கியபோது குரல் அலுவலகக் குறிப்பு சொல்லுகிற குரலாக இருந்தது. எண்ணெய் பட்டதும் சத்தம் அடங்குகிறது. ஆனால் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிக் கெட்டுப்போகிறது. மேம்பாலங்கள் கட்டுவதற்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த புழுதி அந்தப் பிசுபிசுப்பில் போய் ஒட்டுகிறது. நடு வாரத்தில் கத்த ஆரம்பிக்கிறது. சனிக்கிழமை அவர் மறுபடி எண்ணெய் விடுகிறார். "முதல் நாள் கேட்ட சத்தம், வயசான ரப்பர் காஞ்சு போன சத்தம். முதல் தடவை மாத்தினதோட அது தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் கேட்டது எல்லாம் நான் பண்ணது" என்றார்.

அப்படியும் அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. "வாசனையை மட்டும் வச்சு ஒருத்தனைக் குத்தவாளின்னு சொல்லக் கூடாது. அது நானா இருந்தாலும்" என்று ஒரு புது புஷ் வாங்கி, வீட்டு நல்லெண்ணெயில் போட்டுத் தம் மேஜைக்கு அடியில் வைத்தார். தினமும் காலையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். ஒரு நாள் அமுக்கிய இடத்தில் அவர் கட்டைவிரல் குழிந்து பதிந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மதினி முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். மதினி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "சரி. எப்பக் கிளம்புறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஃபரீதாபாத் கிளம்புகிற அன்று காலையில் நடந்ததை நான் ஒருத்தி மட்டுந்தான் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வெளியே வந்தபோது சோமு அண்ணன் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் ஏதோ பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். அதை இடது மட்கார்டின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். இரும்பில் ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் பிடிப்பு விட்டுக் கீழே விழுந்தது. எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அங்கே இரும்பு இல்லை. பெயின்ட்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பிப் பூசிய புட்டிப் பசைதான் இருந்தது. அடிபட்ட இடம்.

அப்படியானால் அவர் சந்தேகப்பட்டது சரி. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கார் எங்கேயோ மோதியிருக்கிறது, முருகேசன் இல்லை என்று சொன்னது பொய். இனி இந்த மனிதர் எங்கே ஃபரீதாபாத் கிளம்பப் போகிறார்? மேலே மதினி மீனாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பாடுகிற சத்தம் கீழே கேட்டது. அவள் பாடி நான் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது. சோமு அண்ணனும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இதை நீங்க பாக்கலை எஸ்தரம்மா."

"பாத்துட்டேனே அண்ணே."

"அப்ப மறந்துருங்க. நானும் மறக்கணும், எனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

ஃபரீதாபாத் போகும் வரை காரில் யாரும் பேசவில்லை. கீச்சுச் சத்தமும் இல்லை. அவர் வாயைத் திறந்து என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் வழியெல்லாம் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன். முருகேசன் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும், வா என்றுகூடச் சொல்லாமல் நின்றார். சோமு அண்ணன் டிபன் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

"மச்சான், அந்தச் சத்தம் நான் பண்ணது. எண்ணெய் ஊத்தி ஊத்தி நானே கெடுத்திருக்கேன். உங்ககிட்டக் கேட்டேனே ஒரு கேள்வி, அதை இனிமே கேக்க மாட்டேன். புள்ளைக்குக் காது குத்தணும். வந்து மடியில வச்சுக்கங்க."

முருகேசன் டப்பாவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சோமு அண்ணன் கையை உயர்த்தி, "காப்பி குடிக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மலைக் கோயிலில் காது குத்தியபோது மீனா நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். சிறு குழந்தை என்றால் குத்துவது தெரியாமல் குத்திவிடலாம். இவள் விவரம் தெரிந்தவள். மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, ரொம்ப வலிக்குமா? சச் போலோ" என்று உண்மையைச் சொல்லச் சொன்னாள். முருகேசன், "வலிக்கவே வலிக்காதுடா கண்ணு" என்றார். பக்கத்தில் நின்ற சோமு அண்ணன், "வலிக்கும்மா. மாமா பொய் சொல்றார்" என்றார்.

முருகேசன் நிமிர்ந்து பார்த்தார். சோமு அண்ணன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. முருகேசனும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். மீனா வீல் என்று கத்திக்கொண்டு மாமன் தோளைக் கடித்தாள். இன்னொரு காதுக்கு மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

போன மாதம் துவாரகாவில், எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, முருகேசன் என்னைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எண்பதைத் தொட்டுவிட்ட மனிதர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எஸ்தரு, யார்கிட்டயாவது சொல்லியாகணும். அந்தக் கார் மோதுச்சும்மா. எங்க காலனி கேட் தூண்ல நான்தான் இடிச்சேன். மாப்ள கண்ணுல படக் கூடாதுன்னு புட்டி வச்சுப் பெயின்ட் அடிச்சேன். அவர் கேட்டப்ப வெக்கத்துல இல்லன்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? பாவி மனுசன் என்னை நம்பிட்டே போயிட்டாரு."

"நம்பலை அண்ணே. அவருக்குத் தெரியும்" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பி என் முகத்தையே பார்த்தார். "எதை வச்சுச் சொல்ற? என் மனசு ஆறட்டும்னு சொல்றியா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்ததில் மாப்பிள்ளையின் சுபாவம் மைத்துனருக்கும் தொற்றியிருந்தது. நான் காந்தத்தைப் பற்றிச் சொன்னேன். இடது மட்கார்டு என்றேன். உள்ளங்கை அகலம் என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"உங்க வீட்டுக்கு வந்தோம்லா, அன்னைக்குக் காலையில."

"தெரிஞ்சுட்டா வாசல்ல வந்து நின்னாரு?" என்றவர், அந்தக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். உள்ளேயிருந்து பார்வதி மதினி, "என்னண்ணே?" என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்றார்.

சோமு அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை பல. இன்றும் பத்திரிகை வந்தால் தேதிக்குக் கிழமை சரியா என்று பார்க்கிறேன். எந்தச் செய்தியையும் இரண்டாவது ஆளிடம் கேட்கிறேன். இவையெல்லாம் பழக்கங்கள், என்னோடு போய்விடும். நான் பத்திரமாக வைத்துக்கொள்வது வேறு. அந்தக் காதுகுத்துக்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் முருகேசன் கரும்போடு மாடியேறி வந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சோமு அண்ணன் தம் கையாலேயே அவருக்குக் காப்பி கொடுத்து, எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரிந்த கேள்வி நாக்கு நுனியில் இருந்திருக்கும். பல பொங்கல்களுக்கு நானும் கூட இருந்தேன். டம்ளர் காலியாகும் வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மச்சான்?"